நடுகல்லுக்கும் ஒரு புல எண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு குழுக்களாகச் சேர்ந்து, தங்கள் வட்டாரத்துக் குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் உள்ள நடுகற்கள், கல்வெட்டுகள், கற்பலகைகளால் அமைத்த பழங்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள், பாறை ஓவியங்கள் ஆகியவற்றைத் தேடிச் சென்று பதிவு செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்று நன்கு வேரூன்றியிருக்கிறது. அவர்கள் கண்டறிந்தவை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களிலும் அடிக்கடி வருகின்றன. நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அத்தகைய குழு ஒன்றோடு சென்று வருபவன் என்ற முறையில், இச்செய்திகளில் தொடர்ந்து விடுபட்டுவரும் ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல் எந்த வருவாய்க் கிராமத்தில், எந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) நிற்கிறது என்பதே அது.

அலுவலகத்தில் காலம் கழித்தவனின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். குன்றின் கதி குன்றில் தீர்மானிக்கப்படுவதில்லை. அரசு நிலத்தில் கல்குவாரிக் குத்தகைக்கான அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வெளியாகும்போது அதில் இருப்பவை வட்டம், வருவாய்க் கிராமம், புல எண், பரப்பு ஆகியவைதாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அறிக்கை தருவது அந்த எண்ணின் பேரில்; கனிமவளத் துறையினர் குறிப்பு எழுதுவதும் ஆட்சியர் கையொப்பமிடுவதும் அதே எண்ணின் பேரில். ‘ஊருக்குத் தென்மேற்கே மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரட்டின் சரிவில் பல்லவர் கால நடுகல்’ என்று சில ஆண்டுகளுக்கு முன் வந்த செய்தியையும், ‘பாறைப் புறம்போக்கு, இன்ன புல எண், இத்தனை ஹெக்டேர்’ என்று இன்று மேசைக்கு வரும் கோப்பையும் பொருத்திப் பார்க்க அந்த அலுவலகத்தில் எவராலும் இயலாது. கல் உடைபட்ட பிறகு அதிகாரிகளின் அலட்சியம் என்று அறிக்கை விடுகிறோம். அலட்சியம் இருக்கலாம், ஆனால் அக்கறையுள்ள அதிகாரி ஒருவர் தேடியிருந்தாலும் அந்தக் கரட்டின் பெயரில் எதுவும் கிடைத்திருக்காது.

சட்டத்தின் நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை 400-க்குச் சற்று மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை அதைவிட மிகக் குறைவு. மத்தியச் சட்டம் 1958ஆம் ஆண்டையும் மாநிலச் சட்டம் 1966ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. இரண்டுமே அறிவிக்கை வெளியிடப்பட்ட இடங்களுக்குத்தான் உறுதியான காவலைத் தருகின்றன. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்தியத் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்றெல்லாம் விதிகள் உண்டு. வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அதே வரப்பின் மூலையில் எங்கள் துறையினர் நட்டுவைத்த சர்வே கல்லைப் பிடுங்கினால் தண்டனை உண்டு. அக்கல் இருக்கிறதா என்று பார்த்துக் கணக்கில் எழுத வேண்டிய கடமையும் கிராம நிர்வாக அலுவலருக்கு உண்டு. சென்ற நூற்றாண்டில் நடப்பட்ட கல்லுக்கு இவ்வளவு காவல். பக்கத்தில் நிற்கும் 1,400 ஆண்டுப் பழமையான கல்லுக்குக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை.

தொல்லெச்சங்களைக் கிராமவாரியாகப் பட்டியலிடுவது நமக்குப் புதிதுமன்று. 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்சி நிலத்தை அளந்துகொண்டே கல்வெட்டுகளையும் சுவடிகளையும் திரட்டினார். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த ராபர்ட் சீவல் 1880-களில் மாகாணத்தின் தொல்லெச்சங்களை மாவட்டம், வட்டம், ஊர் என்ற வரிசையில் தொகுத்து அச்சிட்டார். மதுரை மாவட்டம் மாங்குளம் மலைக் குகைகளின் கல்வெட்டுகளை 1882இல் கவனப்படுத்தியவரும் அவரே. அவை தமிழ் என்பதை 1924இல் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய அய்யர் காட்டினார். அவற்றில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயர் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1960-களின் நடுவில்தான் உறுதிப்படுத்தினார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இடைப்பட்ட 80 ஆண்டுகள். முதலில் பார்த்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை; படிக்கத் தெரிந்தவர் வரும்வரை பாறை இருந்தது. மாங்குளத்தை அடுத்த மேலூர் வட்டாரத்தில் பிற்காலத்தில் கிரானைட் வெட்டியெடுக்கப்பட்ட வேகத்தை நினைத்தால், அந்த இடைவெளி நூறு ஆண்டுகள் தள்ளி அமையாதது நமது நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகவே களப்பயணம் போகும் தன்னார்வலர் தாம் பார்க்கும் எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக்கக்கூடியவர் பிறகு வருவார். அவர் வந்து சேரும் வகையில் இடத்தைக் குறித்துவைப்பதுதான் நம்மைப் போன்றவர்களின் வேலை. இரா. நாகசாமி மாநிலத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த காலத்தில், 1970-களின் தொடக்கத்தில், செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று நடுகற்களைப் பதிவு செய்தார்கள். எடுத்தனூர் நடுகல் அவ்வாறு வெளியுலகுக்குத் தெரிந்தவற்றுள் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து வீரனுக்கு எடுத்த அக்கல்லில் அவனுடைய நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பெரிய கோயில் எதிலும் கிடைக்காத இத்தகைய செய்தி புறம்போக்கு நிலத்துக் கல்லில் கிடைக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகற்களும் கோயில் வளாகம் எதிலும் இருந்தவையல்ல.

பழைய பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடிப் போனவர்களுக்கு இன்னொரு தொல்லையும் தெரியும். எங்கள் பகுதி 1965 வரை சேலம் மாவட்டம். பிறகு தருமபுரி மாவட்டம். 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். ஓசூர் வட்டம் என்று முந்தைய தலைமுறையினர் எழுதிவைத்த ஊர்களில் சில இன்று சூளகிரி வட்டத்தில் இருக்கின்றன. ஒரே கல் மூன்று மாவட்டங்களின் பெயரில் மூன்று இடங்களில் பதிவாகியிருக்க, அதை மூன்று கற்களாக எண்ணி எழுதிவிடுவோரும் உண்டு. ஊரின் வழக்குப் பெயர் ஒன்று, வருவாய்க் கணக்கில் உள்ள பெயர் வேறொன்று என்ற குழப்பம் இதன்மேல் சேரும். வருவாய்க் கிராமமும் புல எண்ணும் இருந்தால் வட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் கல்லைப் பிடித்துவிடலாம். மறு அளவையில் எண் மாறினால்கூடப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பட்டியல் எங்கள் துறையில் இருக்கும்.

இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது முன்போலக் கடினமான வேலையும் அன்று. நிலங்களின் விவரம் புல எண்வாரியாக உள்ள கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும், புலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். அருகில் கண்ணுக்குத் தெரியும் சர்வே கல்லிலிருந்து நாடா பிடித்து இத்தனை மீட்டர், இன்ன திசை என்று எழுதிக்கொண்டால் புலப்படத்தில் கல் நிற்கும் இடத்தைப் புள்ளி வைத்துவிடலாம். சந்தேகம் வந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமோ அவருடைய உதவியாளரிடமோ கேட்கலாம். ஊரில் எந்தக் கரடு எந்த எண் என்பதை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய கிராம உதவியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைபேசியில் கிடைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் சேர்த்தே குறிக்க வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதினால் கணக்குப்படி ஒரு மீட்டர் அளவுக்கு இடம் துல்லியமாகும். ஆனால் உயர்ந்த பாறைகளுக்கிடையே கைபேசி பல மீட்டர் தவறிச் சொல்லும். அதனால்தான் நாடாவும் வேண்டும் என்கிறேன். குழுக்களில் பலர் செய்யும் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும்: படத்தை எடுத்து உடனே வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிட்டு, பிறகு அந்தப் பிரதியையே ஆவணமாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பகிரும்போது படத்தோடு பதிந்திருந்த இடக்குறிப்பு நீங்கிவிடுகிறது, படமும் சுருங்கிவிடுகிறது. மூலப்படத்தை அப்படியே வேறிடத்தில் சேமிக்க வேண்டும்.

படம் எடுப்பதிலும் சில ஒழுங்குகள் தேவை. கல்லின் பக்கத்தில் நம்மில் ஒருவர் நின்று சிரிப்பது அளவுகோல் ஆகாது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை என்று வண்ணம் பூசிய ஒரு மரச்சட்டம் போதும். அதைக் கல்லின் மீது சாய்க்காமல் அருகே நிறுத்த வேண்டும். செடி கொடியை அகற்றுவதற்கு முன்பு ஒரு படம், பின்பு ஒரு படம், தொலைவிலிருந்து குன்றும் வழியும் தெரிய ஒரு படம் என்று எடுத்தால், பத்து ஆண்டுகள் கழித்து வருபவருக்கு இடம் விளங்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வட்டெழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் விழும்போது அதே எழுத்து எழுந்து நிற்கும். பகலில் அது வாய்க்கவில்லையென்றால், இருட்டிய பிறகு டார்ச் விளக்கை ஓரத்திலிருந்து அடித்து எடுக்கலாம். எழுத்து தெளிவாகத் தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பு பூசுவது, எண்ணெய் தடவுவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது ஆகியவற்றை முற்றாகக் கைவிட வேண்டும். பாறை ஓவியங்களின்மேல் தண்ணீர் தெளித்து நிறத்தைத் தூக்கலாகக் காட்டிப் படம் எடுப்பதை இன்றும் பார்க்கிறேன். எங்கள் மாவட்டத்து மல்லப்பாடி ஓவியங்களைப் போல வெண்ணிறத்தில் தீட்டப்பட்டவற்றின் கதி இதனால் என்னவாகும் என்று யோசிப்பதில்லை. மைப்படி எடுப்பது நல்ல கலைதான். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் தட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதிந்த பின் மேலே மை ஒற்ற வேண்டும். தாள் கிழிந்தாலோ மை அதிகமானாலோ கறை கல்லுக்குப் போய்விடும் என்பதால், முறையாகப் பழகாதவர்கள் அதில் இறங்காமல் இருப்பதே நல்லது. இப்போது அறுபது, எழுபது படங்களை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, கணினியில் முப்பரிமாண வடிவமாக்கிப் படிக்கும் வழி வந்துவிட்டது. பெங்களூருவில் மிதிக் சொசைட்டி என்னும் பழைய அமைப்பு அந்நகரைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை முப்பரிமாண வருடியால் பதிவு செய்து பொதுவில் வைத்துவருகிறது. பி.எல். ரைஸ் 1905இல் அச்சிட்ட பெங்களூரு மாவட்டக் கல்வெட்டுகளில் கணிசமானவை நகரம் பெருத்ததில் காணாமற்போய்விட்டன என்பதுதான் அவர்களை அப்பணியில் இறக்கியது. அங்கிருந்து ஓசூர் ஒரு மணி நேரப் பயணம். வீட்டுமனைகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருப்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேற்பரப்பில் கிடக்கும் பானை ஓடுகளையும் இரும்புக் கசடுகளையும் பையில் போட்டுக்கொண்டு வருவது அடுத்த கேடு. ஓடு எங்கே, எவ்வளவு பரப்பில், எந்தப் பொருளோடு சேர்ந்து கிடக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்த பின் அது வெறும் ஓடு. நடந்து அளந்து, பரவியிருக்கும் எல்லையைப் புலப்படத்தில் கோடிட்டுக்கொண்டால் போதும். 2013–14இல் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகைக் கரை நெடுக ஆய்ந்து 293 இடங்களைப் பட்டியலிட்டதன் பிறகே கீழடியில் மண்வெட்டி விழுந்தது என்பதை நினைவில் வைப்பது நல்லது. மண்ணுக்குள்ளிருந்து காசோ நகையோ வெளிப்பட்டால் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. ஏரியில் வண்டல் எடுக்கும்போது முதுமக்கள் தாழி வெளிப்படும் ஊர்களில் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. தன்னார்வலர்கள் அந்த வேலையைச் செய்யலாம்.

ஊராரோடு பழகுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு நடுகல்லாக இருப்பது அவர்களுக்கு வேடியப்பன். சமணத் தீர்த்தங்கரர் முனியப்பனாகவும், உடன்கட்டை ஏறியவளின் கல் தீப்பாய்ந்த அம்மனாகவும் பூசை பெறுகிறார்கள். பூசாரியையோ பங்காளிகளையோ கேட்காமல் கல்லின் மேலுள்ள மஞ்சளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கழுவத் தொடங்கும் குழு, அந்த ஊருக்குள் மறுமுறை நுழைய முடியாது, அது நியாயமும்கூட. கேட்டுச் செய்தால் அவர்களே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், பக்கத்துக் காட்டில் புதருக்குள் இன்னொரு கல் கிடப்பதையும் சொல்வார்கள். கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் ஊரார் சொல்வதைப் பதிவில் அப்படியே எழுத வேண்டும், ஏனென்றால் அடுத்து வருபவர் வழி கேட்கும்போது ‘பெருங்கற்கால ஈமச்சின்னம் எங்கே’ என்றால் யாருக்கும் தெரியாது. ஆடு மேய்ப்பவர் காட்டிக்கொடுத்த பாறை ஓவியத்தைக் குழுத் தலைவர் கண்டுபிடித்ததாகச் செய்தி வருவது எனக்கு உவப்பாக இல்லை. காட்டியவரின் பெயரும், அவர் சம்மதித்தால், பதிவில் இருக்க வேண்டும். கல்லை எடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று முதல் நாளே கோருவதையும் நான் ஏற்கவில்லை. கேட்பாரற்று உடைந்து கிடப்பவற்றைத் தருமபுரி அகழ்வைப்பகத்தில் செய்ததுபோல் ஒன்றுசேர்த்துக் காப்பது தேவையே. பொங்கலுக்குப் பொங்கல் படையல் பெறும் கல் அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

செய்திகளின் தன்மையைப் பற்றி ஆசிரியர் என்ற முறையில் தங்களிடமே ஒரு முறையீடு உண்டு. ‘தமிழகத்திலேயே முதன்முறை’, ‘2,000 ஆண்டுப் பழமை’ என்ற தொடர்கள் இல்லாமல் மாவட்டப் பக்கத்தில் இடம் கிடைக்காது என்ற எண்ணம் குழுக்களிடையே பரவியிருக்கிறது. நாயக்கர் காலத்து வீரன் கொண்டையைப் பார்த்ததும் சங்ககாலத்துக்குப் போய்விடுகிறார்கள். செய்தியாக வந்த தவறான காலம் அடுத்த செய்தியில் மேற்கோளாகி, மாணவர்களின் ஆய்வேட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. எழுத்தமைதியையோ சிற்ப அமைதியையோ துறையறிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை ‘நடுகல், காலம் ஆய்வுக்குரியது’ என்று வெளியிட்டால் கல்லின் பெருமை குறைந்துவிடாது.

புல எண்ணை அச்சிட்டால் புதையல் தேடுவோருக்கு வழி காட்டியதாகாதா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான அச்சம். கல்திட்டைகளின் மூடுகல்லைப் புரட்டித் தோண்டிப் போட்ட இடங்களை எங்கள் மாவட்டத்தில் மல்லசந்திரம் தொடங்கிப் பல குன்றுகளில் பார்க்கலாம். ஆகவே இரண்டு அடுக்குகள் வேண்டும் என்பது என் கருத்து. ஊர் நடுவிலும் கோயிலிலும் உள்ளவற்றை முழு முகவரியோடு வெளியிடலாம். ஆளரவமற்ற குன்றுகளிலுள்ள ஈமச்சின்னங்களுக்குச் செய்தியில் வருவாய்க் கிராமத்தின் பெயர் மட்டும் போதும்; புல எண்ணும் புலப்படக் குறிப்பும் அடங்கிய முழுப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இப்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. போகும் வழியையும் பாறையின் படத்தையும் முகநூலில் போட்டுவிட்டு, அலுவலகத்துக்கு எதுவுமே அனுப்பாமல் விடுகிறார்கள்.

பதிவு கையிலிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி அண்மைய சான்று. அங்குள்ள தமிழிக் கல்வெட்டையும் சமணர் படுக்கைகளையும் பாண்டியர் காலக் குடைவரையையும் பலர் பல ஆண்டுகளாக ஆவணப்படுத்தி, பொதுமக்களை அழைத்துச் சென்று காட்டிவந்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று கூடுதலான பரப்பு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 இறுதியில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் கொண்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதி ஏலம் விடப்பட்ட செய்தி வந்தபோது, எந்தெந்த மலையில் என்ன இருக்கிறது என்பதை எவரும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. சட்டமன்றத் தீர்மானமும் ஊர்மக்களின் போராட்டமும் சேர்ந்து 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்தின் வலிமைதான் முதற்காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெயரும் பட்டியலும் இல்லாத ஒரு கரட்டுக்காக அவ்வளவு பேர் திரள்வார்களா என்பது ஐயமே. ஊர்ப் பெயர்கூட வெளியே தெரியாத அத்தகைய கரடுகள்தாம் எங்கள் பக்கம் மிகுதி.

இனி அரசிடம் கேட்க வேண்டியவை. குடும்ப அட்டையில் பெயர் திருத்தக் கோரித் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்து மனு எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். நடுகல் பற்றிய களப்பதிவை ஓர் அலுவலகத்துக்குப் படங்களோடும் புலப்படத்தோடும் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாமல் எங்கள் குழு காத்திருந்த அனுபவம் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு தொல்லியல் அலுவலர், தன்னார்வலர்களின் பதிவுகளைப் பெற்றுக்கொண்டதற்கு எண்ணிட்ட ரசீது கொடுத்து, கூடுமானவற்றை நேரில் பார்த்து, சரி என்றோ தவறு என்றோ எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை நடத்த வேண்டும். எல்லாவற்றையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான கற்களுக்கு அது நடக்கக்கூடியதுமன்று. பதிவேட்டில் ஏறிய புல எண் குத்தகைக் கோப்பில் வந்தால், உத்தரவுக்கு முன் தொல்லியல் அலுவலரின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்ற ஒரே ஒரு விதி போதும்.

அந்த விதியும் வரத் தாமதமாகும் என்றால், இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே குறிப்புரைக்கு ஒரு கலம் உண்டு. புறம்போக்கு நிலங்களில் ஏரி, சுடுகாடு, கோயில் என்றெல்லாம் எழுதும் அந்தக் கலத்தில், ‘நடுகல் உள்ளது’, ‘கல்வெட்டு உள்ளது’, ‘கல்திட்டைகள் உள்ளன’ என்று சேர்த்து எழுத ஆட்சியரின் சுற்றறிக்கை ஒன்று போதுமானது. எல்லை வைத்துக் கல் நடுவது தமிழ்நாட்டுக்குப் பழக்கமானதே: சிவன் கோயிலுக்குரிய தேவதான நிலத்துக்குச் சூலக்கல்லும், பெருமாள் கோயில் நிலத்துக்குத் திருவாழிக்கல்லும், சமணப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்தத்துக்கு முக்குடைக்கல்லும் நட்டு, நான்கெல்லையும் சொல்லிக் கல்வெட்டில் எழுதிய நாடு இது. ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் வருவாய்த் தீர்வாயம் (ஜமாபந்தி) நடக்கும்போது கிராமக் கணக்குகள் அனைத்தும் அதிகாரியின் முன் வருகின்றன. அன்றைய தினம் அந்தந்த வட்டத்துத் தன்னார்வக் குழுக்களைத் தங்கள் பதிவுகளோடு வரச்சொல்லி, கிராம நிர்வாக அலுவலரை உடன்வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்துக் கலத்தை நிரப்பலாம். பெரிய கிராமத்துக்குக்கூட அரை நாளுக்கு மேல் ஆகாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரும் பசலி ஆண்டுக்கான தீர்வாயத்திலேயே ஏதேனும் ஒரு குறுவட்டத்தில் இதைச் செய்து பார்க்க மாவட்ட நிர்வாகம் முன்வருமானால், புலப்படத்தில் புள்ளி வைத்துக் கொடுக்க என்னைப் போன்ற ஓய்வுபெற்ற நில அளவர்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.